றம்பொடையில் பிறந்த ராசம்மா

பதுளையிலிருந்து பேராதனைக்குப் போறதுக்கு ஏ5 வீதி இருக்கிறது. வெலிமடை, நுவரெலியா, பிறகு வளைந்து வளைந்து இறங்கி றம்பொடை, புசல்லாவை, கம்பளை. லீவு முடிந்து கெம்பஸ் திரும்பும்போதெல்லாம் நாங்கள் நாலு பேரும் அந்த பஸ்ஸில்தான் போவோம். பசறையில் ஒருத்தி, ஹாலிஎலயில் ஒருத்தன், நமுனுகுலைப் பக்கத்தில் இரண்டு பேர். நாலு பேரும் தோட்டத்துப் பிள்ளைகள், நாலு பேரும் கலைப்பீடம். வயிற்றைக் குமட்டும் அந்த வளைவுகளில் ட்ரைவர் பழைய சிங்களப் பாட்டுகளைப் போட்டுவிடுவார். போன முறை வந்தபோது எங்களோடு ஒரு சிங்களத் தோழியும் வந்தாள். ஒரு பாட்டு தொடங்கியதும் ஜன்னலைக் காட்டிச் சொன்னாள்: "இவங்க உங்க ஆள்தானே. இந்த றம்பொடையிலதான் பொறந்தாங்க."

நாங்கள் சிரித்துச் சமாளித்தோம். உண்மையில் எங்களுக்குத் தெரியாது. பாட்டு தெரியும், குரலும் தெரியும், ருக்மணி தேவி என்ற பெயரும் தெரியும். அவர் தமிழ்ப் பெண் என்பது மட்டும் தெரியாது. வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட வெட்கம் என்ன வேண்டும்? அன்று இரவே தேட ஆரம்பித்தோம். அதுதான் இந்தக் கட்டுரை.

1923 ஜனவரி 15. றம்பொடை. டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்புச் செட்டி வழிவந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். அப்பா ஜோன் டேனியல்ஸ் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அம்மா ஆசிரியை. பிள்ளை சின்னதாக இருக்கும்போதே குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. தெமட்டகொடையிலும் வெள்ளவத்தையிலும் பள்ளிக்கூடம். ஏழு வயதில் நத்தார் நாடகம் ஒன்றில் நடித்ததுதான் முதல் மேடை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'மலையகத்தின் மகள்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், கை துறுதுறுக்கிறது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும், லயத்துக்கும் ஸ்டாஃப் குவாட்டஸுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று. நடந்தால் ஐந்து நிமிஷம். நடக்கத்தான் முடியாது. "தோட்டத்தில் வேலை" என்றால் கொழுந்து எடுப்பது என்று மட்டும் அர்த்தமில்லை. ராசம்மாவின் அம்மா விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்றவரில்லை, பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஆங்கிலப் பெயரும் பள்ளிப் படிப்பும் கொழும்பில் உறவும் இருந்த வீடு அது. அதனால்தான் அந்தப் பிள்ளை மேடை ஏற முடிந்தது. அதே வருஷம் அதே றம்பொடையில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்த இன்னொரு ராசம்மா பன்னிரண்டு வயதில் கூடை தூக்கியிருப்பாள்.

லயத்தில் பாட்டு இல்லாமலா? நிறைய இருந்தது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கங்காணியைக் கிண்டல் பண்ணும் பாட்டு எல்லாமே பெரும்பாலும் பெண்களின் வாயில்தான் பிறந்தன. சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுக்காவிட்டால் பாதிக்கு மேல் மறைந்தே போயிருக்கும். நாடகமும் இருந்தது. மாசி மாதத்தில் இன்றைக்கும் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆடிய ஊர்களும் உண்டு. ஆனால் காமன் கூத்தில் ரதி யார்? சேலை கட்டிய ஆம்பிளைதான். பெண் பாடலாம், அழலாம், பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்காக ஒப்பாரி கட்டலாம். ஊரே பார்க்க வேஷம் போட்டு ஆடக் கூடாது. மேடையில் நின்று பாடிய ஒரு பெண் என்றால் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள்தான் நினைவுக்கு வருகிறார். தொழிற்சங்கக் கூட்டங்களில் தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகவே பாடினார். அதுவும் நாடக மேடை இல்லை, அரசியல் மேடை.

கொழும்பில் நிலைமை வேறு. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துச் சிங்களவர் 'நூர்த்தி' என்ற இசை நாடகத்தை உருவாக்கினார்கள். வட இந்திய மெட்டு, சிங்களச் சொல், ராஜா ராணிக் கதை. 1911இல் மருதானையில் டவர் ஹோல் திறந்தபோது அந்த நாடகத்துக்கு நிரந்தர வீடு கிடைத்தது. முதலில் அங்கேயும் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். பிறகு அன்னி பொத்தேஜு, லக்ஷ்மி பாய் போன்றவர்கள் ஏறினார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர்தான் நம்ம டெய்சி. பதின்மூன்று வயதளவில் ராமாயண நாடகத்தில் சீதையாக நின்றார். சீதை எலிய கோயிலும் றம்பொடை அனுமார் கோயிலும் இருக்கிற அதே ஏ5 வீதியில் பிறந்த பிள்ளைக்குச் சீதை வேஷம் வந்தது தற்செயல்தான். என்றாலும் அந்த வழியில் போகும்போது எங்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

டெய்சி ராசம்மா ருக்மணி தேவி ஆனதும் நாடக உலகத்தில்தான். கவனியுங்கள், அவர் சிங்களப் பெயர் எடுக்கவில்லை. டெய்சி போனது, ராசம்மா போனது, வந்தது ஒரு புராணப் பெயர். அந்தக் காலத்து மேடைக்கு இந்தியா என்றால் மவுசு. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டு ஒரு சிங்களப் பிள்ளை தமிழ் என்று நினைப்பதில்லை, ஒரு தமிழ்ப் பிள்ளை நம்ம ஆள் என்றும் நினைப்பதில்லை. பழைய நடிகையின் பெயர், அவ்வளவுதான்.

1930களின் கடைசியில் எச்.டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டுக்குப் பாடினார். 'சிறி புத்தகயா விகாரே' என்ற பாட்டு. புத்தகயாவைப் போற்றும் பௌத்தப் பாட்டு, பாடியது கிறிஸ்தவத் தமிழ்ப் பெண், வயது பதினைந்தை ஒட்டி. வெசாக் வந்தால் பதுளை முதியங்கணை விகாரைப் பக்கம் போய்ப் பாருங்கள், கூடு கட்டிய வீதியில் அந்தப் பாட்டு இன்றைக்கும் கேட்கும். இதில் அவர் தனி ஆளும் இல்லை. சிங்கள பக்திப் பாடல்களின் பெரிய குரல்களில் ஒருவரான மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்த முஸ்லிம். எத்தனையோ சிங்களப் படங்களுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமி நாகர்கோவில்காரர்.

இனி சினிமாவுக்கு வருவோம். நீர்கொழும்பில் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன மினர்வா நாடகக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அவர் தம்பி எடி ஜயமான்ன பெயர் பெற்ற நகைச்சுவை நடிகர். ருக்மணி அந்தக் குழுவின் கதாநாயகி ஆனார், எடியின் மனைவியும் ஆனார். அவர்களுடைய 'கடவுணு பொரொந்துவ' (உடைந்த வாக்குறுதி என்று வைத்துக்கொள்ளலாம்) நாடகம் சக்கைபோடு போட்டது. அதைப் படமாக்க முன்வந்தவர் எஸ்.எம். நாயகம், மதுரையில் சித்ரகலா மூவிடோன் என்ற ஸ்டூடியோவை வைத்திருந்த தமிழர். இயக்குநர் ஜோதிஷ் சிங் ஒரு வங்காளி. நடிகர் கூட்டம் முழுவதும் கடல் கடந்து மதுரைக்குப் போனது. 1947 ஜனவரி 21 அன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் மைலன் தியேட்டரில், பிற்காலத்து கிங்ஸ்லியில், படம் வெளியானது. சிங்களம் பேசிய முதல் படம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் பாட்டன் பூட்டிகள் மதுரை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாக இந்தப் பக்கம் வந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் அதே கடலை எதிர்ப் பக்கமாகத் தாண்டி மதுரைக்குப் போய், தமிழரின் ஸ்டூடியோவில், தமிழரின் பணத்தில், சிங்களத்தின் முதல் கதாநாயகியாகத் திரும்பி வந்தார். வசனம் சிங்களம், பாட்டு சிங்களம். பின்னணிப் பாடகி வேறு ஆள் என்ற ஏற்பாடெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை, நடிப்பும் அவரே, குரலும் அவரே. நாட்டுப்புறத்துச் சனம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு படம் பார்க்க வந்த கதைகளை வயதான சிங்களவர்கள் இன்றும் சொல்வார்கள்.

படம் வந்து ஒரு வருஷம் கழித்து, 1948 பெப்ரவரி 4, நாடு சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் நவம்பரில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழர் ஒரே போடில் நாடற்றவர் ஆனார்கள். பிறகு வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, அடுத்த தேர்தலில் தன் மக்களுக்கு ஓட்டே இல்லை என்று பார்த்தார். அந்த வருஷங்களில் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் யார் என்றால் றம்பொடையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்.

இதை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. ஒருத்தி சொன்னாள், "அவங்க அதப்பத்தி ஒண்ணும் பேசலயே, அப்புறம் என்ன நம்ம ஆளு?" ஹாலிஎலக்காரன் சொன்னான், "சினிமாக்காரிகிட்ட போய் சட்டத்தைப் பத்திப் பேசலன்னு கோவப்படுறதா? அவ பாட்டு பாடத்தான போனா." இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கொழும்புச் செட்டிகளுக்குக் குடியுரிமைப் பிரச்சினை தோட்டத் தொழிலாளிக்கு வந்ததுபோல் வந்ததில்லை. ஒரே மொழி, ஒரே மலை, ஆனால் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு ஆட்கள். ஆகவே அவரை எங்கள் துயரத்தின் சின்னமாக ஆக்கப் போவதில்லை. அதே நேரம், தமிழ் வேண்டாத ஒரு நாடு தமிழ்ப் பெண்ணின் குரல் இல்லாமல் ஒரு பண்டிகையைக் கூடக் கொண்டாட முடியாமல் இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

மினர்வா குழுவின் படங்கள் அடுத்தடுத்து வந்தன. கபட்டி ஆரக்ஷகயா, ஹதிசி வினிஸ்சய, செங்கவுணு பிளிதுர என்று நாடகங்கள் எல்லாம் படமாயின. பெரும்பாலானவை தென்னிந்திய ஸ்டூடியோக்களில். கதை நல்ல அழுகைக் கதை, நடுவில் எடியின் கோமாளித்தனம், பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டு, மெட்டு பல நேரம் இந்தியிலோ தமிழிலோ ஏற்கெனவே கேட்டது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' எடுத்துக் கேமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோனதும் விமர்சகர்களுக்கு இந்தப் பழைய படங்கள் எல்லாம் 'தென்னிந்தியப் பாணி' என்ற ஒரே சொல்லில் குப்பையாகிவிட்டன. படம் என்ற அளவில் அந்த விமர்சனத்தை நாங்களும் ஏற்போம். கிடைத்த துண்டுகளைப் பார்த்தோம், நடிப்பு மேடை நடிப்புதான், கையை வீசி வீசிப் பேசுகிறார்கள். ஆனால் ருக்மணி பாடத் தொடங்கியதும் அந்தக் குறை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மேல் ஸ்தாயியில் சன்னமாகப் போய், முடிவில் லேசாக நடுங்கி நிற்கும் குரல். கத்தலே கிடையாது. 'நைட்டிங்கேல்' என்று சும்மா பட்டம் கொடுக்கவில்லை.

குயில் பட்டம் என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார், கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள். எங்கள் அம்மாயிமார் அப்பாயிமாருக்கு நடிகை-பாடகி என்றால் அவர்தான். கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கரிலும், இலங்கை வானொலியிலும் ஔவையாராக அவர் குரல் லயம் லயமாகப் போனது. 1908இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே இலங்கைக்கு வந்து மேடை ஏறியவர். 1926இல் கொழும்பில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். 1933இல் கிட்டப்பா இறந்ததும் வெள்ளைச் சேலைக்கு மாறி, 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் ரூபா சம்பளம் வாங்கினார். பிறகு சென்னை மேலவை உறுப்பினர், 1970இல் பத்மஸ்ரீ. கடலுக்கு அந்தப் பக்கத்துக் குயிலின் வாழ்க்கை தோட்டத்துக் கிழவிக்கும் மனப்பாடம். பக்கத்து மலையில் பிறந்த குயில் யாருக்கும் தெரியாது. மொழிதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் வேறொன்றும் இருக்கிறது. 'இந்த நாடு உங்களுடையது இல்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சனம், இந்த நாட்டின் நட்சத்திரத்தைத் தன்னுடையது என்று எப்படி நினைக்கும்? கொழும்பு ஒரு வெளியூர். மதுரை சொந்த ஊர், பார்க்காவிட்டாலும்.

இரண்டு குயில்களின் கடைசிக் காலமும் ஒரே மாதிரி இல்லை. அறுபதுகளில் சினிமா மாறியது, புதிய முகங்கள் வந்தன. 1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. ஜயமான்ன பாணிப் படங்களுக்கு இடமில்லாமல் போனது. ருக்மணிக்கும் எடிக்கும் பணக் கஷ்டம். ஒரு காலத்தில் தியேட்டரை நிரப்பியவர் ஐம்பது வயதுக்கு மேல் கார்னிவல்களிலும் இசை நிகழ்ச்சிகளிலும் ஊர் ஊராகப் போய்ப் பாடினார். அதைச் சிலர் பரிதாபமாக எழுதுவார்கள். எங்களுக்கு முழுக்க அப்படித் தோன்றவில்லை. எழுபதுகளில் கிளாரன்ஸ் விஜேவர்தன கிட்டாரோடு செய்த 'மல்பர ஹிமிதிரியே' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். நூர்த்தியில் வளர்ந்த குரல் பொப் மெட்டுக்குள் எவ்வளவு சுகமாக உட்காருகிறது! பழைய காலத்தை நினைத்து அழுதுகொண்டிருந்த ஆள் பாடிய பாட்டு மாதிரி இல்லை அது.

அவரை 'தென்னிந்தியப் பாணி' என்று ஒதுக்கிய புதிய சினிமாவும் கடைசியில் அவரிடம் வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'அஹசின் பொலவட்ட' படத்தில் நடித்தார். வருஷம் 1978. அதே 1978இல்தான் மலையகத்துத் தொழிற்சங்கக்காரரும் நடிகருமான வி.பி. கணேசனின் 'நான் உங்கள் தோழன்' வந்தது. இரண்டு சினிமாவும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமலே ஒரே நாட்டில் ஓடின.

1978 ஒக்டோபர் 28. மாத்தறையில் இசை நிகழ்ச்சி ஒன்றை முடித்துவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பும் வழி. ஜா-எலவுக்குப் பக்கத்தில் துடெல்ல என்ற இடத்தில் வாகன விபத்து. வயது 55. வீடு வர இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. நீர்கொழும்பில் அடக்கம் செய்தார்கள்.

ஐந்து வருஷம் கழித்து 1983 ஜூலை. ஹெந்தலையில் தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது, உள்ளே இருந்த சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்து எரிந்தன. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார். தமிழனின் சொத்து என்று கொளுத்தினார்கள், சாம்பலானது சிங்கள சினிமா. ருக்மணி அதைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால் அவரை 'தெமள' என்று யாராவது பார்த்திருப்பார்களா என்று எங்கள் தோழியிடம் கேட்டோம். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஆச்சிக்கு அவங்க தமிழ்னே தெரியாது" என்றாள்.

எழுதி முடிக்கிறதுக்கு முந்தைய வாரம் பசறைக்காரியின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவளுடைய அம்மாயிக்கு எண்பத்து மூன்று வயது. கொழுந்தெடுத்துக் கை விரல் எல்லாம் கோணிப்போயிருக்கிறது. ஃபோனில் புத்தகயா பாட்டைப் போட்டோம். "இது வெசாக் பாட்டுல்ல" என்று கூடவே முனகினார், சிங்களச் சொல் பாதி தப்பு, மெட்டு சரி. பாடினது தமிழ்ப் பொம்பளை அம்மாயி, றம்பொடையில பொறந்தவங்க என்றோம். நம்பவில்லை. பேரைக் கேட்டார். ருக்மணி தேவி என்றோம். "அது வச்ச பேரு. பொறந்த பேரு என்னா?"

ராசம்மா என்றோம்.

அம்மாயி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய தங்கச்சி பெயரும் ராசம்மாதான். ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதப்பட்டு, பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறிப் போனவர். அதற்குப் பிறகு மூன்று கடிதம் வந்ததாம். "எங்க ராசம்மாவும் நல்லாத்தான் பாடுவா" என்றார். "அந்தப் பாட்டை இன்னொருக்கா போடு."